கண்ணாடி மேல் வைத்த பொட்டு

பாண்டிச்செல்வியின் புருஷன் கஜினியில் இருந்தான். பள்ளிக்கூடத்தில் அந்த ஊரைப் பற்றிப் படித்தபோது, அங்கிருந்துதான் இங்கே ஆட்கள் வந்தார்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இங்கிருந்து ஒருவன் அங்கே போவான், அவன் வள்ளியூர் பக்கத்தில் ஐ.டி.ஐ. படித்த இசக்கிதுரையாக இருப்பான், போதாக்குறைக்கு அவளுக்குத் தாலி கட்டியவனாகவும் இருப்பான் என்று எந்த டீச்சரும் சொல்லவில்லை. படை கிடை எதுவும் இல்லாமல், மரச்சட்டம் அடித்த பெட்டிகளோடு போனான்.

பெட்டி என்றால் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் அவர்கள் இரண்டு பேரும் வேலை பார்த்த கம்பெனியில் செய்த பெட்டி. ஆள் உயர பீரோவில் பாதி இருக்கும். கூரைமேல் பதித்த சூரியத் தகடுகளிலிருந்து பகலில் கரண்டை வாங்கி பேட்டரியில் சேர்த்துவைக்கும். இருட்டியதும் பேட்டரியிலிருந்து எடுத்து விளக்குக்குக் கொடுக்கும். பேட்டரியில் சரக்குத் தீர்ந்தால், பக்கத்தில் இருக்கும் சின்ன டீசல் இன்ஜினைத் தானே கிளப்பிவிடும். யாரும் ராத்திரி எழுந்து போய் எதையும் திருக வேண்டாம். இன்ஜினியர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். லைனில் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் அது வெறும் பெட்டிதான்.

இதெல்லாம் 2004-ல். ஆப்கானிஸ்தானில் சண்டை ஓய்ந்தபாடில்லை. முன்பிருந்த மின்நிலையங்கள் அடிபட்டுக் கிடந்தன. புதிதாக ஒரு பெரிய நிலையம் கட்டி நாடு முழுக்கக் கம்பி இழுத்தால், எவனாவது ஒருவன் ஒரே ஒரு கோபுரத்தைச் சாய்த்து ஒரு ஜில்லாவையே இருட்டாக்கிவிடலாம். அதனால் அங்கே பொறுப்பில் இருந்தவர்கள் ஊருக்கு ஊர், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி, அவரவர் கரண்டை அவரவரே செய்துகொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள். ஒன்றை அடித்தாலும் மற்றதெல்லாம் எரியும். மலைக்கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு முதலில் பெட்டி கேட்டார்கள். யோசனை நல்ல யோசனைதான், பெட்டி வேலை செய்தால்.

பாதிப் பெட்டிகள் வேலை செய்தன. மீதிப் பாதி அடம்பிடித்தன. பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கும்போது, சூரியத் தகட்டைச் சீந்தாமல் டீசல் இன்ஜினை ஓடவிட்டன. பேட்டரியில் ஒரு சொட்டும் ஏறவில்லை. மலைக்கு மேலே கழுதை முதுகில் ஏற்றிக் கொண்டுபோன டீசல் இரண்டே நாளில் தீர்ந்தது. அப்புறம் ராத்திரி பூராவும் இருட்டு. தடுப்பூசி வைத்த ஃப்ரிட்ஜ் சூடாகிவிட்டது. டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு நர்சுகள் பிரசவம் பார்த்தார்கள்.

பெட்டிகளை மாட்டிவிட்டு ஒரு மாதத்தில் திரும்ப வேண்டிய இசக்கிதுரை, மாசியும் பங்குனியும் போய்ச் சித்திரை பிறந்த பிறகும் திரும்பவில்லை. எந்த ஊர்ப் பெட்டி படுத்துக்கொண்டதோ அந்த ஊருக்கு ஸ்க்ரூடிரைவரோடு ஜீப்பில் போனான். அந்த மலைப்பாதையில்தான் பாண்டிச்செல்வியின் உயிர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது அவன் அங்கத்து ரொட்டியின் நீளத்தைப் பற்றிப் பேசுவான், குளிரில் தன் மீசை விறைத்துப்போவதைப் பற்றிப் பேசுவான், பாதையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டான். ஆபீஸில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த சந்திரலேகாதான் சொல்லுவாள். அவள் ஸ்ரீவைகுண்டத்துப் பெண், பாண்டிச்செல்வியோடு ஒரே லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவள். பாலத்துக்கு அடியில் என்ன வைத்திருந்தார்கள், எந்த வண்டி மேல் சுட்டார்கள் என்று வருகிற மெயிலையெல்லாம் அவள்தான் பிரிண்ட் எடுப்பாள். சொல்லாதே என்றாலும் சொல்லுவாள், சொல் என்றாலும் சொல்லுவாள்.

கம்பெனியில் இன்ஜினியர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். கதவின் உள்பக்கம் இருக்கிற சர்க்யூட் கார்டு கோளாறு என்றார் ஒருவர். கப்பலில் உப்புக்காற்று பட்டுவிட்டது என்றார் இன்னொருவர். குளிர், தூசி, கழுதையின் குலுக்கல் என்று ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டது. ஒரே நாளில் ஒரே லைனில் செய்த பெட்டிகளில் ஏன் பாதி மட்டும் என்று கேட்டால் எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். கடைசியில், எதற்கு வம்பு என்று, கார்டு பொருத்திய கதவையே மொத்தமாகப் புதிதாகச் செய்து விமானத்தில் அனுப்பினார்கள். இசக்கிதுரை அவற்றை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, கெட்டுப்போன பெட்டி இருக்கிற ஒவ்வொரு மலைக்கும் போய்க் கதவை மாற்ற வேண்டும். போன வாரம்தான் அதே பாதையில் ரோடு போடுகிறவர்களின் வண்டியை எரித்திருந்தார்கள். அவன் கிளம்பவேண்டிய நாள் காலையில்தான் இந்தக் கதை நடக்கிறது.

அன்று டீ நேரத்தில் சந்திரலேகா ஒரு தாளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு லைனுக்கு வந்தாள்.

"ஏட்டி பாண்டி, இங்க பாரு. ஒன் வீட்டுக்காரர் போட்டோ மெயில்ல வந்திருக்கு. கலர் பிரிண்ட்டு. மேனேஜர் பாத்தா என்னைய வைவாரு, சட்டுனு பாத்துக்கோ."

இதுவரை அங்கிருந்து வந்த படங்களெல்லாம் பெட்டியின் வயிற்றைத் திறந்து எடுத்தவை. வயரும் கார்டுமாக இருக்கும். இதில் கதவை மூடிவைத்து, பெட்டிக்குப் பக்கத்தில் இசக்கிதுரை போஸ் கொடுத்துக்கொண்டு நின்றான். தாடி வளர்த்திருந்தான். யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள் பாதி உடம்பைக் காணோம். பாண்டிச்செல்வி முதலில் அவன் கன்னத்தைப் பார்த்தாள். பிறகு அவன் கையை, காலில் செருப்பா ஷூவா என்பதை, சிரிப்பு நிஜமா பொய்யா என்பதைப் பார்த்தாள்.

"ரொம்ப மெலிஞ்சிட்டாவ" என்றாள்.

"தாடியில அப்படித் தெரியுது. பெட்டியப் பாரேன், நம்ம பூசை போட்ட பொட்டு அப்படியே இருக்கு."

அப்போதுதான் அவள் பெட்டியைப் பார்த்தாள். கதவின் நெற்றியில் மஞ்சளாகச் சந்தனம், அதன் நடுவில் சிவப்பாகக் குங்குமம். அவள் கையால் வைத்தது. நேற்று வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. அவள் போட்டோவைக் கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோனாள்.

போன வருஷம் ஆயுத பூஜை அன்று இந்தப் பெட்டிகள் டெஸ்டிங் முடிந்து, பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, பேக்கிங்குக்காக இரண்டு வரிசையாக நின்றன. லைன் சூப்பர்வைசர் பரசுராமன் மண்ணூர்க்காரர், பூஜை விஷயத்தில் கறார். ஸ்பேனர், ஃபோர்க்லிஃப்ட், எடை மெஷின், கேன்டீன் கிரைண்டர் என்று அந்த காம்பவுண்டுக்குள் பொட்டு வாங்காமல் எதுவும் தப்ப முடியாது. "கடல் தாண்டிப் போற சரக்கும்மா, இதுக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கறது" என்று சொல்லி, வழியில் உதிர்ந்துவிடக் கூடாதே என்று சந்தனத்தில் ஆபீஸ் கம் பாட்டிலைக் கவிழ்த்துக் குழைத்தவரும் அவர்தான். ஒரு வரிசையை மஞ்சுளாவிடம் கொடுத்தார், இன்னொன்றைப் பாண்டிச்செல்வியிடம். மஞ்சுளா உள்ளூர்ப் பெண், அவசரக்காரி. கம்பெனி பெயர்ப் பலகை மேல் டப் டப்பென்று வைத்துக்கொண்டு போய்விட்டாள். பாண்டிச்செல்விக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. பொட்டு என்றால் நெற்றியில் அல்லவா வைக்க வேண்டும். பெட்டிக்கு நெற்றி எது என்று பார்த்தாள். கதவின் மேல்பக்கம், நட்டநடுவில், புளியங்கொட்டை அளவில் உருண்டையாக ஒரு கண்ணாடி இருந்தது. அதைவிட நல்ல இடம் யாருக்குக் கிடைக்கும்.

அந்தப் பெட்டிகளோடு போகப்போவது யார் என்று அவளுக்கு அப்போதே தெரியும். அதனால் ஒவ்வொரு பொட்டையும் வைக்கும்போது, இசக்கியம்மா, போனவுகள முழுசா திருப்பிக் கொண்டாந்துரு என்று வேண்டிக்கொண்டு அழுத்தி வைத்தாள்.

அந்தக் கண்ணாடி பெட்டியின் கண். வெளிச்சம் பட்டால் பகல், படாவிட்டால் இரவு என்று பெட்டிக்குச் சொல்வது அதுதான். ட்ரெய்னிங்கில் அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், பூஜையின்போது நினைவுக்கு வரவில்லை. அவள் கண்ணை அடைத்துவிட்டாள். அவள் வரிசைப் பெட்டிகள் எல்லாம் கடல் தாண்டி, மலை ஏறி, வெயிலில் நின்றுகொண்டு, இன்னும் விடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தன.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நேரே டெஸ்டிங் பகுதிக்குப் போனாள். அங்கே சாம்பிளுக்காக ஒரு பெட்டி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். டீசல் இன்ஜினுக்குப் பதிலாக ஒரு சிவப்பு விளக்கை மாட்டியிருந்தார்கள். சோதனைக்கென்று அதன் பேட்டரியில் சரக்கை அதிகம் ஏற்றாமல் வைத்திருந்தார்கள். அதன் கண்ணாடி மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். மேகம் வந்தால் ஏமாறக் கூடாது என்பதற்காகப் பெட்டி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும். பொறுத்துப் பார்த்தது. பிறகு பேட்டரி ஏறுகிற பச்சை விளக்கு அணைந்தது, இன்ஜின் சிவப்பு விளக்கு எரிந்தது. விரலை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழையபடி ஆனது.

"இன்னாம்மா, டீ டைம் முடிஞ்சி எவ்ளோ நேரமாவுது, இங்க இன்னா பண்ணிகினு கீற" என்று பின்னால் பரசுராமன் குரல் கேட்டது.

அவள் போட்டோவை நீட்டினாள். பேச்சு வராமல், மறுபடியும் விரலைக் கண்ணாடி மேல் வைத்துக் காட்டினாள். அவர் சிவப்பு விளக்கைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். சந்தனம் குழைத்த கை.

"அடப்பாவமே" என்றார் மெதுவாக. சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அவளைப் பெட்டி மறைவுக்குக் கூப்பிட்டார். "தோ பாரு, இத்த யார்கிட்டயும் சொல்லாத. நல்லா யோசிச்சிப் பாரு. புதுக் கதவு போயிட்ச்சி. உன் வூட்டுக்காரரு இன்னிக்கிக் கிளம்பி ஒவ்வொண்ணா மாத்திடப் போறாரு. கதவ மாத்துனா கண்ணாடியும் புச்சு. தானா சரியாப்பூடும். யாருக்கும் தெரியப்போறதில்ல. சொன்னியின்னு வையி, பூஜ போட்டு மெஷின கெட்த்தானுங்கன்னு ஊரே சிரிக்கும். உன்னிய கான்ட்ராக்ட்லேந்து தூக்கிடுவாங்க. என்னியும்தான்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவன் அந்தப் பாதையில் போய்விட்டு வந்தால் போதும்.

"அந்த ரோட்டுல அவுக போவணும்லா சார்" என்றாள் பாண்டிச்செல்வி.

பரசுராமனுக்குப் பூஜையில்தான் பிடிவாதம், மனசு இளகின மனசு. சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்துத் திரும்பவும் வைத்தார். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வா" என்று சொல்லிவிட்டு மேனேஜர் ரூமைப் பார்த்து முன்னால் நடந்தார். நடந்தார் என்ன, கிட்டத்தட்ட ஓடினார்.

மேனேஜர் ஸ்ரீதர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பரசுராமன் கதவைத் தட்டாமலே உள்ளே போய், "சார், நாந்தான் வெக்கச் சொன்னேன். கம்மு கலந்தது நாந்தான். இந்தப் பொண்ணு மேல ஒண்ணியும் இல்ல" என்று ஆரம்பித்துவிட்டார். என்ன வைத்தது, எங்கே வைத்தது என்று அவருக்கு விளங்கவைக்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் ஸ்ரீதர் சிரிக்க ஆரம்பித்தார். மூன்று மாதமாகத் தூங்காத மனுஷனின் சிரிப்பு அது. கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். அன்றைக்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டியது அவர்தான். பிறகு சடாரென்று சிரிப்பு நின்று கடிகாரத்தைப் பார்த்தார். கஜினியில் ஜீப் கிளம்புகிற நேரம்.

சாட்டிலைட் போன் உடனே கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை கிடைத்தது. ஸ்ரீதர் ஸ்பீக்கரில் போட்டார். முதலில் கேட்டது, இசக்கிதுரை தங்கியிருந்த கஜினி ஆஸ்பத்திரியில் டீசல் இன்ஜின் ஓடுகிற சத்தம். தட தடவென்று, பட்டப்பகலில்.

"இசக்கி, கிளம்பிட்டியா?"

"வண்டி வந்துட்டு சார். கதவெல்லாம் ஏத்தியாச்சு, இங்க உள்ளத வந்து மாத்திக்கிடுதேன். இதோ ஏறப்போறேன்."

"ஏறாதே. பெட்டிகிட்ட போ. அந்தக் கண்ணாடி மேல பொட்டு இருக்கா?"

"ஜம்முனு இருக்கு சார். உதிரவே இல்ல. தொடைக்க வந்த பயலுவகிட்டகூட அத மட்டும் தொடப்பிடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

ஸ்ரீதர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஊரில் பஸ்ஸில் இருந்து பம்ப் செட் வரைக்கும் பொட்டு இல்லாத இயந்திரத்தையே பார்த்திராதவன் இசக்கிதுரை. மூன்று மாதமாகக் காலையும் மாலையும் அந்தப் பொட்டின் முன்னால்தான் நின்றிருக்கிறான். அது ஒரு பொருளாகவே அவன் கண்ணில் படவில்லை.

"அதுதாண்டா அந்தக் கண்ணை மறைக்குது. பெட்டி ராத்திரின்னு நினைச்சுக்கிட்டிருக்கு. அதைத் துடைச்சிடு."

அந்தப் பக்கம் இன்ஜின் மட்டும் ஓடியது.

"இசக்கி, கேக்குதா?"

"கேக்குது சார். அது மட்டும் வேண்டாம் சார்."

"ஏன்?"

"அது எங்க வீட்ல வச்சது சார். நான் இங்க கெடக்கும்போது அத எப்படி சார் என் கையால அழிக்கது. வெளங்குமா. ஒண்ணும் இல்ல, நான் போய்க் கதவ மாத்திட்டு வந்துருதேன். பழைய கதவ அப்படியே பத்திரமா வச்சிக்கிடுதேன்."

முன்னூறு பேரை வேலை வாங்குகிற ஸ்ரீதர் ரிசீவரை எடுத்துப் பாண்டிச்செல்வி பக்கம் நீட்டினார். பரசுராமன் தரையைப் பார்த்தார்.

அவளுக்கும் தெரியாமல் இல்லை. பொட்டை அழி என்ற சொல்லை வீட்டில் விளையாட்டுக்குச் சொன்னாலே வாயில் போடுவார்கள். அவளுடைய அத்தைக்கு அழித்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். மாமாவைத் தூக்கிக்கொண்டுபோன பிறகு, நான்கு பேர் பிடித்துக்கொள்ள, ஈரத்துணியால் தேய்த்தார்கள். சின்ன வயதில் பார்த்ததுதான், இன்னும் போகவில்லை. அந்தச் சொல்லை இப்போது, சண்டை நடக்கிற ஊரில் நிற்கிற புருஷனிடம், தன் வாயாலேயே சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் போட்டபடியே இருக்க, அவள் ரிசீவரைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஏங்க, நாந்தான் பேசுதேன்."

"பாண்டியா? நீ எங்கட்டி அங்க?"

"மேனேஜர் ரூம்ல இருக்கேன். சொல்லுதத கேளுங்க. அந்தப் பொட்ட அழிங்க."

"என்னட்டி பேச்சு இது. வாய மூடு."

"மூட மாட்டேன். நான் வச்சது, நாந்தான் சொல்லுதேன். அம்மன்கிட்ட நான் பேசிக்கிடுதேன், எது வந்தாலும் எம்மேல வரட்டும். நீங்க அந்த ரோட்டுல ஏறப்பிடாது." ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பொட்டு வேண்டாம். நீங்க வேணும்."

அவன் போனை எங்கேயோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது. காலடி, யாரோ ஒரு பெண்ணின் குரல், புரியாத பாஷை. அதற்கெல்லாம் பின்னால் இன்ஜின் விடாமல் தடதடத்துக்கொண்டிருந்தது. ஸ்ரீதர் எழுந்து நின்றுவிட்டார். பெட்டி பொறுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்யும் என்று அந்த ரூமில் மூன்று பேருக்கும் தெரியும். பாண்டிச்செல்வி ரிசீவரைக் காதில் அழுத்திய அழுத்தில் காது சிவந்துவிட்டது.

தடதடப்பு ஒரு தடவை இழுத்தது. நின்றது.

அப்படி ஒரு அமைதியை அவள் அதுவரை கேட்டதில்லை. காற்று வீசுவது கேட்டது. எங்கோ ஒரு கோழி கத்துவதுகூடக் கேட்டது. பெட்டிக்கு அங்கே விடிந்துவிட்டது.

"ஏறுது சார்" என்று இசக்கிதுரை கத்தினான். "பேட்டரி ஏறுது. மீட்டர் முள்ளு எந்திரிச்சிட்டு." அதோடு லைன் கட்டாகிவிட்டது.

பரசுராமன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார், மேனேஜர் முன்னால் அதுவரை அவர் உட்கார்ந்ததே இல்லை. ஸ்ரீதர் அதைக் கவனிக்கவும் இல்லை, வேலையில் இறங்கிவிட்டார். மலையில் இருக்கிற ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் வயர்லெஸ் செட் உண்டு. கண்ணாடி மேல் இருக்கிற சிவப்பு அடையாளத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கவும், அவ்வளவுதான், வேறெதையும் தொட வேண்டாம் என்று அவர்கள் பாஷையில் சொல்லச் சொல்லிக் காபூல் ஆபீஸுக்கு மெயில் கொடுத்தார். எல்லா ஊரையும் ஒரே இடத்திலிருந்து இயக்குகிற பெரிய நிலையமாக இருந்திருந்தால், இப்படி ஆளாளுக்குப் பஞ்சை எடுத்துத் துடைத்துச் சரிசெய்திருக்க முடியாது. அங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் அதற்கென்று ஒரு ஆள் இருந்தார். யாரும் யாருக்காகவும் எந்த ரோட்டிலும் போக வேண்டியிருக்கவில்லை.

மதியத்துக்குள் விஷயம் லைன் பூராவும் பரவிவிட்டது. சந்திரலேகா இருக்கும்போது பரவாமல் எப்படி. மஞ்சுளா, தான் பெயர்ப் பலகையில் வைத்ததை ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தாள். "எனுக்கு அப்பவே தெரியும்க்கா, அந்தக் கண்ணாடி வழுக்குமேன்னுதான் வெக்கல" என்றாள். பரசுராமனைப் பார்த்தவர்களெல்லாம் கம் பாட்டில் இருக்கிறதா அண்ணே என்று கேட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "இனிமே பொட்டு முதுகுலதான்டா, நெத்தி கித்தின்னு எவனாச்சும் வந்தீங்க" என்று சொல்லிவிட்டு, கேன்டீனில் எல்லோருக்கும் முன்னால் தட்டை நீட்டி இரண்டு தடவை சாம்பார் சாதம் வாங்கிச் சாப்பிட்டார். கம்பெனியே பல நாள் காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது.

பாண்டிச்செல்விக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அவன் ஜீப்பில் ஏறவில்லை, அது நிச்சயம். அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்குவது அவளுக்கே தெரிந்தது. ஆனால் இறங்கிய பாரம் போய்ச் சேராமல் வாசலிலேயே நின்றது. அழித்தாயிற்று. அவள் சொல்லி, அவன் கையால். அம்மன்கிட்ட நான் பேசிக்கிடுதேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, என்ன பேசுவது என்று தெரியவில்லை. எம்மா, தெரிஞ்சு செய்யல, அவுகளுக்காவத்தான் செஞ்சேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஸ்க்ரூ முடுக்கினாள். இரண்டு ஸ்க்ரூவை மாற்றி முடுக்கிவிட்டாள். பரசுராமன் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் அவரே கழற்றிச் சரியாகப் போட்டார்.

ஷிஃப்ட் முடிகிற சமயத்தில் சந்திரலேகா ஓடிவந்தாள். "பாண்டி, வா வா, ஒங்க வீட்டுக்காரர் லைன்ல இருக்காரு. மேனேஜர் ஒன்னையக் கூப்பிடுதாரு."

இந்தத் தடவை ஸ்பீக்கர் போடவில்லை. ஸ்ரீதர் ரிசீவரை அவளிடம் கொடுத்துவிட்டு, என்னவோ தேடுகிறவர் மாதிரி வெளியே போனார்.

"எல்லா ஊர்லயும் சரியா வந்துட்டு பிள்ள" என்றான் இசக்கிதுரை. குரலில் அசதியும் சிரிப்பும் கலந்திருந்தன. "ஒவ்வொரு ஊரா வயர்லெஸ்ல சொல்லிக்கிட்டே இருக்காவ. எல்லாப் பெட்டியும் ஏறுது. ஒரு ஊர்க்காரரு, அந்தச் செவப்ப இந்தியாக்காரனோட முத்திரைன்னு நெனச்சு, அதுமேல தூசி படாம தெனம் ஊதிக்கிட்டு இருந்தாராம்." அவனே சிரித்துக்கொண்டான். "ஜீப்புல இருந்து கதவையெல்லாம் எறக்கியாச்சு. எனக்கு இங்க இனி சோலி இல்ல. அடுத்த வாரம் டிக்கெட் போடுதேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. ஊருக்கு வாரேன். என்னட்டி, பேச்சக் காணும்?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். கேட்க வேண்டியதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் போன் வயரை விரலில் சுற்றினாள். "ஏங்க, நீங்களா அழிச்சீய?"



"இல்ல" என்றான். "பக்கத்துல போனேன். கைய நீட்டுனேன். முடியல. இங்க ஒரு வயசான நர்சம்மா இருக்காவ, எல்லாத்தையும் பாத்துக்கிட்டே நின்னாவ. நான் ஒண்ணும் சொல்லல, சொன்னாலும் அவியளுக்குப் புரியாது. அவியளுக்கு என்ன தோணுச்சோ தெரியல. என்னைய ஒதுங்கச் சொல்லிட்டு, பஞ்சுல ஸ்பிரிட்டத் தொட்டுக்கிட்டு வந்தாவ. புள்ளைக்கு ஊசி போடுததுக்கு முன்னால தேய்ப்பாவல்லா, அந்த மாதிரி பதமாத் தேய்ச்சாவ."

"தேய்க்கும்போது ஏதும் சொன்னாவளா?"

"பிஸ்மில்லான்னு அவிய சாமி பேரச் சொல்லிட்டுத்தான் கை வச்சாவ."

பாண்டிச்செல்வி விரலில் சுற்றியிருந்த வயரை அவிழ்த்தாள். காலையிலிருந்து நின்றபடியே இருந்தவள், மேனேஜர் நாற்காலி என்றுகூடப் பார்க்காமல் அதில் உட்கார்ந்தாள்.

"அப்ப சரி" என்றாள்.